துபாஷி சொல்லாதது

ஒருவர்கூட மறுக்கவில்லை.

அதுதான் துபாஷியை உறுத்தியது.

கோட்டை மைதானத்தில் கர்னல் துரைக்கு அரையடி பின்னால் நின்றிருந்தார். துரையின் இங்கிலீஷைச் சிப்பாய்களுக்கும், சிப்பாய்களின் தமிழைத் துரைக்கும் சொல்வது அவர் வேலை. பதினோரு வருஷத்துத் துபாஷி.

போன வாரம் இதே இடத்தில் இரண்டு பேரைக் கட்டிவைத்து அடித்தார்கள். நெற்றியில் திருநீறு கூடாது, முகத்தில் தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தொப்பிதான் போட வேண்டும் என்று உத்தரவு. இருவரும் மாட்டோம் என்றார்கள். ஆளுக்கு ஐந்நூறு கசையடி.

அந்தத் தண்டனையைத் தமிழில் வாசித்தது அவர்தான்.

இன்று வரிசை முழுக்கப் புதுத் தொப்பி. மழித்த முகங்கள். வெறும் நெற்றிகள்.

"யாருக்காவது மனக்குறை உண்டா, கேள்" என்றார் துரை.

கேட்டார்.

சுபேதார் மதார் சாயபு ஓரடி முன்னால் வந்தார். அடிபட்டவர்களில் ஒருவன் அவருடைய தங்கை மகன். இன்னும் குப்புறத்தான் படுத்திருக்கிறான்.

"எல்லாருக்கும் சம்மதந்தாங்க."

குரல் மாறவில்லை. கண் துரையை விட்டு நகரவில்லை. ஆனால் அடுத்த பேச்சு துபாஷிக்கு.

"உங்க வீட்டம்மாவ இன்னைக்கே கோட்டைக்கு வெளிய கூட்டிட்டுப் போயிடுங்க. நீங்களும் திரும்பி வராதீங்க."

"என்ன சொல்கிறான்?" என்றார் துரை.

வரிசை அசையவில்லை. அத்தனை முகங்களும் இப்போது துபாஷியைப் பார்த்தன.

"எல்லோருக்கும் சம்மதமாம், துரை."

துரைக்கு முகம் மலர்ந்தது. இங்கே எல்லாம் அமைதி என்று சீமைக்கு இன்றே எழுதப்போவதாகச் சொன்னார். கடிதம் போய்ச் சேர ஆறு மாதம் ஆகும்.

மதியமே துபாஷி தன் மனைவி தெய்வானையை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு மூட்டைதான். அவள் ஏன் என்று கேட்டாள். அவர் மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

கோட்டை வாசலில் கூட்டம். சிப்பாய்களின் மனைவிமார். இடுப்பில் பிள்ளை, தலையில் மூட்டை. காவல்காரன் யாரையும் தடுக்கவில்லை.

வாசலுக்குள்ளே, மர நிழலில், கர்னலின் மனைவி கைக்குழந்தையோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் இங்கிலீஷில் கேட்டாள்.

"எல்லோரும் எங்கே போகிறார்கள்? திருவிழாவா?"

அவர் நின்றார். காவல்காரன் துப்பாக்கியைத் தோள் மாற்றினான்.

"ஆமாம், அம்மா" என்றார் அவளுடைய மொழியில்.

"அடுத்த வருஷம் எங்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்." குழந்தையின் கையைப் பிடித்து அவருக்கு ஆட்டிக் காட்டினாள்.

தெய்வானை முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் புருஷன் முகம் தெரியும்.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றார் அவர், தமிழில்.

சரி என்று சொல்கிறார் போலும் என நினைத்து, துரைசானி சிரித்தாள்.