பின்னால் வந்த டபுள் சிக்னல்

மூன்று நாளாகத் தனபாலன் டபுள் சிக்னலைப் போட்டுக்கொண்டே பின்னால் வருகிறான்.

மழை இல்லை. பனி இல்லை. அவன் வண்டிக்குக் கோளாறும் இல்லை. வீடு இருக்கிற மஸ்ஜித் தானாவில் தொடங்கி, செங் ஊரில் வேலை செய்கிற தொழிற்சாலை வாசல் வரைக்கும், விடியாத இருட்டில் இரண்டு பக்கமும் மஞ்சள் விளக்கு மினுக் மினுக்கென்று.

கண்ணாடியைப் பார்க்கப் பார்க்கக் கணேசமூர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வேணும்னே பண்றான் ஜெயா. என்னை வெறுப்பேத்துறான்.”

“அவருக்கு வேற வேலை இல்லியா?” என்றாள் மனைவி. “முதல்ல நம்ம காடியைப் பாருங்க. மீட்டர்ல விளக்கே எரியல. எத்தனையில போறீங்கன்னுகூடத் தெரியல.”

“பழைய காடி, அப்படித்தான் இருக்கும். முன் விளக்கு எரியுதில்ல? பேசாம வா.”

தனபாலனின் வன்மத்துக்குக் காரணம் அவருக்குத் தெரியும்.

போன நவம்பரில் கொட்டுகிற மழை. முன்னால் தனபாலன் டபுள் சிக்னல் போட்டபடி ஓட்டினான். இந்த ஊரில் மழை வந்தால் பாதிப் பேருக்குக் கை அந்தப் பொத்தானைத்தான் தேடும். அதைப் போட்டுவிட்டால், எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? திடீரென்று வலப்பக்கம் வெட்டினான். கணேசமூர்த்தி பிரேக்கில் ஏறி நின்றார்.

அப்போது ஜெயா கைப்பேசியில் எடுத்த வீடியோவை அன்றைக்கே தங்கள் குடியிருப்பான தாமானின் வாட்சாப் குழுவில் போட்டார். நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிந்தது. ‘இந்தக் கழுதைக்கு யார் லைசென்ஸ் கொடுத்தது?’

தாமானே சிரித்தது. இரண்டு வீடு தள்ளி இருக்கிற தனபாலன் குழுவை விட்டு வெளியேறினான். அவன் நம்பரை இவர் தடுத்து வைத்தார். அன்றோடு பேச்சு இல்லை.

“ஏதோ சொல்ல வர்றாருன்னு தோணுது” என்றாள் ஜெயா. “திங்கட்கிழமை கார் பார்க்கில கண்ணாடியைத் தட்டினாரே. நேத்து அவர் மனைவி கோமளா நம்ம கேட் வரைக்கும் வந்தா. நீங்க உள்ள இருந்து போட்ட சத்தத்துல அப்படியே திரும்பிட்டா.”

“என்ன சொல்லுவான்? சண்டைதான் இழுப்பான். இன்னைக்கு நானே இழுக்கிறேன்.”

செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே, தெருவிளக்கு இல்லாத இடத்தில் காரை ஓரங்கட்டினார். பின்னால் தனபாலனும் நிறுத்தினான்.

“இறங்காதீங்க” என்றாள் ஜெயா.

இறங்கிவிட்டார்.

“டேய்! ஓடற காடியில டபுள் சிக்னல் போடக்கூடாதுன்னு ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா?”

தனபாலன் கண்ணாடியை இறக்கினான். “நிறுத்தினா போடணும் அண்ணே. நீங்க இப்ப போடலையே.”

கணேசமூர்த்தி இன்னும் நெருங்கினார்.

“எனக்கே பாடம் எடுக்கிறியா?”

“இல்லண்ணே. கொஞ்சம் திரும்பி உங்க காடியைப் பாருங்க லா.”

சொல்லிவிட்டுத் தன் வண்டியின் எல்லா விளக்கையும் ஒரு நொடி அணைத்தான்.

கணேசமூர்த்தி திரும்பினார். முன்னால் தார் ரோட்டில் கொஞ்சம் வெளிச்சம் விழுந்திருந்தது. பின்பக்கம் கரிச்சட்டி. ஒரு சிவப்புப் பொட்டுகூட இல்லை. கார் எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது, தெரியவில்லை.

அந்தக் காருக்குள் ஜெயா உட்கார்ந்திருந்தாள்.

தனபாலன் மறுபடி விளக்கைப் போட்டான். வளைவில் மண் லோரி ஒன்று வந்தது. மஞ்சள் மினுக்கலைத் தூரத்திலேயே பார்த்து, வேகம் குறைத்து, நன்றாக ஒதுங்கிப் போனது. அந்தக் காற்றில் கணேசமூர்த்தியின் சட்டை படபடத்தது.

“எத்தனை நாளா இப்படி?” குரல் இறங்கியிருந்தது.

“திங்கட்கிழமைதான் பார்த்தேன். ஹை பீம் அடிச்சுக் காட்டினேன், நீங்க கையை நீட்டித் திட்டினீங்க. தட்டினேன், திறக்கல. போன் அடிச்சா போகல. கோமளாவை அனுப்பினேன், விரட்டிட்டீங்க.”

“அதுக்காக...”

“ஓடும்போது போடக்கூடாதுதான். அன்னைக்கு நீங்க போட்ட வீடியோவுக்கு அப்புறம் மழையில நான் அதுல கையே வைக்கல அண்ணே. நீங்க திட்டின விதம்தான் தப்பு, விஷயம் சரி. ஆனா நான் சும்மா வந்தா இந்த லோரிக்காரன் என்னை முந்திட்டு நேரா உங்க மேல ஏறுவான். அவன் வேகத்தைக் குறைக்கணுமே, வேற என்ன பண்றது?”

பதிலுக்குக் காத்திராமல் இறங்கினான். ஜெயா பக்கத்துக் கதவைத் திறந்து, “அண்ணி, காலைக் கொஞ்சம் எடுத்துக்குங்க” என்று குனிந்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தான். கருகிய ஒன்றை உருவினான். பிறகு தன் காரில் இருந்து ஒன்றைப் பிடுங்கி வந்து மாட்டினான்.

பின்னால் சிவப்பு எரிந்தது. அதே ஃபியூஸில் இருந்த மீட்டரும் எரிந்தது.

“உனக்கு?” என்றார் கணேசமூர்த்தி.

“ரேடியோ ஃபியூஸ்தான். ஒரே அளவு. பாட்டு இல்லாம ஓட்டினா ஒண்ணும் செத்துட மாட்டேன். மறுபடி போச்சுன்னா வயரைப் பாருங்க. ஏழு மணி வேலைக்கு நேரமாச்சு, ஏறுங்க.”

அதன் பிறகு செங் வரைக்கும் தனபாலன் டபுள் சிக்னல் போடவில்லை. கண்ணாடியில் இரண்டு சாதாரண விளக்குகள் அடக்கமாக வந்துகொண்டிருந்தன. ஜெயா எரிகிற மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கணேசமூர்த்தி தன் காரின் பின்பக்கத்தைப் படம் எடுத்தார், நம்பர் பளிச்சென்று தெரியும்படி. தடுத்து வைத்த எண்ணை விடுவித்தார். தாமான் குழுவில் அதை மறுபடி சேர்த்தார். பிறகு படத்தைப் போட்டு, கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

‘இந்தக் கழுதை மூன்று நாளாகப் பின் விளக்கு இல்லாமல் ஓட்டியது. மூன்று நாளும் பின்னாலேயே வந்து காப்பாற்றி, கடைசியில் விளக்கையும் எரிய வைத்தவர் தனபாலன்.’