பளபளப்புத் தாள்

வயிறு அடைத்துக் கிடக்கும் கினிப்பன்றியை மடியில் வைத்து, அரைத்த கொத்தமல்லியை ஊசியில்லாத சிரிஞ்சால் அதன் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். பாதி என் விரலில் வழிகிறது, சரியாகத்தான் பிடித்திருக்கிறேனா? அப்பா அச்சகத்திலிருந்து கொண்டுவந்து கூண்டில் படுக்கையாகப் போட்ட பளபளப்பான காலண்டர் வெட்டுத்தாளை அது தின்றுவிட்டது. புழுக்கை போட்டால்தான் பிழைக்கும் என்கிறார் கால்நடை டாக்டர். "எறங்குதாலே?" காலண்டர் சீசன் வேலை முடிந்து வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "கொஞ்சம் எறங்குதுப்பா." "நாமதான் காலண்டர வச்சுத் திங்கிறோம்னு பாத்தா, இதுவுமாலே திங்கும்? குடு, நான் வச்சிருக்கேன்." வாங்கியவர் சுவரில் சாய்ந்ததும் தூங்கிவிடுகிறார். குழல்விளக்கு வெளிச்சத்தில் அவர் நகக்கண்களில் சிவப்பு மை தெரிகிறது. விரிந்த உள்ளங்கையில் சின்னப் புழுக்கை ஒன்று விழுகிறது. ஒன்று போதுமா என்று டாக்டரிடம் நான் கேட்டுக்கொள்ளவில்லை. அப்பாவை எழுப்பிக் காட்டலாமா, தூங்கட்டும் என்று விடலாமா என்று தெரியாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.