ஜோடி வால்வு

"இனிமே எங்க அப்பாவுக்கு வால்வு விக்காதீங்க."

மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தச் சின்ன ரேடியோ கடைக்குள் நுழையும்போதே மகள் சொல்லிவிட்டாள். கடைக்காரர் கையிலிருந்த சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்தார்.

"யாரும்மா உங்க அப்பா?"

"அச்சாபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். வெள்ளை மீசை. எதைக் கேட்டாலும் முதல்ல 'ம்'னுதான் சொல்வார்."

"அட, நம்ம 'ம்' சார்!"

"சிரிக்காதீங்க. நான் லீவுல வந்து பத்து நாள் ஆச்சு. தினம் சாயந்திரம் இதே கூத்து. 'புது ஜோடி வந்திருக்கு, உன் காது வேணும்'னு அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வச்சிடுறார். அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர்ல கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு ஜோடி வால்வைப் போட்டு ஒரு பாட்டு. அணைச்சு, ஆற வச்சு, கழட்டி, அடுத்த ஜோடி. அது சூடானதும் மறுபடி அதே பாட்டு. எது நல்லா இருக்குன்னு அம்மா மார்க் போடணும். அவங்க வேலையெல்லாம் அங்கங்கே அப்படியே கிடக்கு."

"வால்வுக்கு ஜோடிப் பொருத்தம் பார்க்கத்தான் வேணும்மா. ஒண்ணு கரண்டை அதிகமா இழுத்து இன்னொண்ணு மந்தமா இருந்தா சரிப்படாது. ஆனா அதை நான் இங்கேயே மீட்டர்ல பார்த்துத்தான் கொடுப்பேன். வீட்டுல போய்ப் பரீட்சை வைக்க வேண்டியதே இல்லையே."

"வேற சட்டமும் உண்டு. கேக்குறவங்க கால் தரையில படக்கூடாதாம்."

"காலா?"

"ஆமா. தரை அதிர்வு கால் வழியா ஏறிக் காதைக் குழப்புமாம். முக்காலி மேல ரெண்டு தலையணை, அதுக்கு மேல அம்மா கால்."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். காலுக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குத் தெரியலை. அதுவும் போக, உங்க அப்பா என்கிட்ட வால்வு வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது."

"அப்போ நான் வந்தப்புறமே ரெண்டு தடவை பெட்டியும் கையுமா வந்தாரே?"

"காலிப் பெட்டிம்மா. வந்தா அதைத்தான் கேட்டு வாங்கிட்டுப் போவார். ஏதோ பொம்மை வீடு கட்டுறார் போலன்னு நானும் கேட்டுக்கலை."

மகள் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

கூடத்தில் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அம்மா நாற்காலியில் சாய்ந்து, தலையணை மேல் காலை நீட்டி, கண்ணை மூடியிருந்தாள். முப்பது வருஷம் நின்றபடியே பாடம் நடத்திய டீச்சர். மடியில் நோட்டும் பென்சிலும். அவள் முதுகுக்குப் பின்னால், அலமாரியருகே அப்பா. வால்வைப் பார்த்தால் காது ஏமாந்துவிடும் என்பது அவருடைய இன்னொரு சட்டம்.

"முதல் ஜோடிக்கு ஆறரை" என்றாள் அம்மா. "தபேலாவுக்குத் தொண்டை கட்டின மாதிரி இருக்கு."

"ம். இரு, ரெண்டாவதைப் போடுறேன்."

அப்பா வால்வுகள் ஆறும்வரை காத்திருந்தார். பிறகு துணியால் பிடித்து இரண்டையும் கழற்றினார். அட்டைப்பெட்டியை அம்மாவுக்குக் கேட்கும்படி திறந்து மூடினார். கழற்றிய அதே வால்வுகளை அதே இடத்தில் மாட்டினார். சுவிட்சைப் போட்டார்.

வாசலில் நின்ற மகள் அத்தனையையும் பார்த்துவிட்டாள்.

வால்வு சூடாகி, பாட்டு வந்தது. முடிகிறவரை அம்மா அசையவில்லை.

"இது தேவலை. எட்டு மார்க். புல்லாங்குழல் எவ்வளவு தெளிவா வருது பாருங்க!"

அதற்கு மேல் மகளால் பொறுக்க முடியவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னப்பா இது அநியாயம்! ஒரே வால்வைக் கழட்டிக் கழட்டி மாட்டுறீங்க. அது தெரியாம அம்மா ஆறரை, எட்டுன்னு மார்க் போட்டுட்டு இருக்காங்க. பாவம்ப்பா!"

"உஷ்!" அப்பா கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். "மெதுவாப் பேசு. உங்க அம்மா காலைப் பார்த்தியா?"

"பார்த்தேன், தலையணை மேல."

"கணுக்கால் ரெண்டும் எப்படி உப்பிக் கிடக்கு பார்த்தியான்னு கேட்டேன். தினமும் காலை உயரத் தூக்கி வச்சு உட்காரணும், இல்லைன்னா புண்ணாயிடும்னு டாக்டர் எச்சரிச்சார். அங்கே 'சரி சரி'ன்னு தலையாட்டினா. வீட்டுக்கு வந்து ஒரு நாள் உட்கார்ந்திருப்பாளா? உட்காருன்னு சொன்னா, 'நான் என்ன நோயாளியா?'ன்னு என்மேல பாயுறா."

"அதுக்காக..."

"'உன் காது இல்லாம எனக்கு ஆகாது'ன்னு சொன்னேன். உடனே வந்து உட்கார்ந்துட்டா. ஆறு மாசமா தினமும் உட்கார்றா. வீக்கம் பாதி வடிஞ்சிருக்கு. நீ போய் எதையாவது சொல்லிக் கெடுத்துடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

மகள் மெல்ல அப்பாவின் சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

"அம்மாவுக்கு இன்னும் சந்தேகமே வரலையாப்பா?"

"ம். அவளுக்கு எங்கே தெரியப்போகுது! அவ வெள்ளை மனசுக்காரி."

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏங்க, அவகூட அங்கே என்ன ரகசியம்? மூணாவது ஜோடின்னு சொல்லி அதையே மறுபடியும் மாட்டுங்க. டாக்டர் சொன்ன ஒரு மணி நேரத்துக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."