தங்கவயலுக்குப் போனவர்

"எங்கப்பா ஓடிப்போனாரா, செத்துப்போனாரா? அத மட்டும் சொல்லிடும்மா."

மரியம்மாள் எடுத்த எடுப்பிலேயே இப்படிக் கேட்பாள் என்று நதியா எதிர்பார்க்கவில்லை. பையிலிருந்து எடுத்த நோட்டைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

நதியா கோலார் தங்கவயலில் பிறந்தவள். கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறாள். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஒரு காணி நிலம்கூட இல்லாமல் தங்கச் சுரங்கத்துக்குக் கூலி வேலை தேடிப் போன குடும்பங்களைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். தாமல், திருப்புட்குழி, மாகறல் என்று விடுமுறை நாளெல்லாம் அலைந்து முப்பது குடும்பங்களைக் கண்டுபிடித்தாயிற்று. காஞ்சிபுரத்துக்குள்ளேயே இருந்த இந்த வீட்டுக்கு மட்டும் கடைசியாகத்தான் வந்தாள்.

மரியம்மாளுக்கு எழுபத்து மூன்று வயது. நெசவுக்காரர்களுக்குப் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்தே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவள். இப்போதும் ராட்டையைச் சுற்றிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். தங்கவயலிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, எதிர்வீட்டுக் கமலாட்சியும் வந்து வாசற்படியில் இடம் பிடித்திருந்தாள்.

"எனக்கு அப்ப ஒரு வயசு," என்றாள் மரியம்மாள். "மூணு மாசத்துல வந்துடறேன்னு சொல்லிட்டு ரயிலேறினாரு. வீரபத்திரன்னு பேரு."

"எங்க வந்தாரு?" என்றாள் கமலாட்சி. "அங்க ஒருத்திய சேத்துக்கினு குடும்பம் நடத்துறாருன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். எங்க மாமியாரு கத கதயா சொல்லும்."

மரியம்மாள் அவள் பக்கம் திரும்பவில்லை.

"எங்கம்மா இந்தப் பேச்ச கேட்டுக் கேட்டே போய்ச் சேந்துச்சிம்மா. கல்யாண வூட்டுக்குப் போனா கடைசி வரிசைல நிக்கும். வாழாவெட்டின்னு காதுபடவே சொல்லுவாங்க. நீ படிச்ச பொண்ணு, ரெக்கார்டெல்லாம் பாத்திருப்ப. சொல்லு."

என்ன சொல்ல வேண்டும் என்று நதியா பஸ்ஸில் வரும்போதே வார்த்தை வார்த்தையாக யோசித்து வைத்திருந்தாள். அதில் ஒன்றுகூட இப்போது வாயில் வரவில்லை. வாசற்படியில் கமலாட்சி கழுத்தை நீட்டிக் காத்திருந்தாள்.

"அவர் ஓடிப்போகலம்மா," என்றாள் நதியா. "வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது மாசமே சுரங்கத்துக்குள்ள பாறை சரிஞ்சிடுச்சி. அதுல போயிட்டாரு. ஊர் விலாசம் சுரங்கக் கம்பெனிகிட்ட இல்ல போல. அதான் உங்களுக்குத் தகவல் வரல."

ராட்டை நின்றது.

"ரெண்டாவது மாசமேவா?"

"ஆமாம்மா."

"எழுதி வச்சிருக்குதா?"

இரண்டு ஆதாரம் கிடைக்காமல் ஒரு வரி எழுதமாட்டாள் என்று கல்லூரியில் பெயரெடுத்தவள், நோட்டைத் திறக்காமலே தலையாட்டினாள்.

"இருக்குது."

மரியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கமலாட்சிக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. கடைசியில் உள்ளே வந்து மரியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாம பேசிட்டோம் மரியம்மா. மனசுல வச்சிக்காத. எங்க மாமியாருக்கும் சேத்து நானே மன்னிப்பு கேட்டுக்கறேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கினாள். அடுத்த வீட்டு வாசலில் அவள் குரல் கேட்டது. அதற்கடுத்த வீட்டிலும் கேட்டது.

சாப்பிடாமல் அனுப்பமாட்டேன் என்று மரியம்மாள் பிடிவாதமாகச் சோறு போட்டாள். நதியாவுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தாள். இரண்டு முறையும் மரியம்மாள் குழம்பு ஊற்ற வந்துவிட்டாள்.

வேண்டாம் என்றாலும் கேட்காமல் பஸ் நிலையம் வரைக்கும் கூடவே நடந்து வந்தாள். வேலூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது.

"நீ சொன்னது போதும்மா," என்றாள். "கமலாட்சி காதுல வுழுந்துச்சி இல்ல, பொழுது சாயறதுக்குள்ள ஊரு பூரா போயிடும். எங்கம்மா தல நிமிந்துச்சி. ஆனா புஸ்தகத்துல அப்படி எழுதிடாத. உள்ளத உள்ளபடி எழுது."

நதியாவின் கை பஸ் கம்பியிலேயே நின்றுவிட்டது.

"அப்ப... நீங்க அழுதது?"

"உள்ளத எழுத வந்த பொண்ணு, எங்கம்மா மானத்துக்காகப் பொய் சொல்றியேன்னுதான் அழுதேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வரேன்னு போன்ல உன் பேரச் சொன்னப்பவே தெரிஞ்சிடுச்சி. பத்து வருசத்துக்கு முன்ன உங்கம்மா எனக்குக் கடுதாசி போட்டிருந்தா. 'நம்ம அப்பா நேத்து போயிட்டாரு, எம்பொண்ணு நதியா மடியிலதான் உசுரு பிரிஞ்சுது'ன்னு எழுதியிருந்தா. கோவத்துல நான் பதிலே போடல." மரியம்மாள் அவள் கன்னத்தைத் தடவினாள். "அக்கா வரச் சொன்னான்னு உங்கம்மாகிட்ட சொல்லு."