கட்டத்துக்குள் அம்மா

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கார்ட்டூன் கதை சொல்கிறேன். பூரணியும் தங்கை தவமணியும் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரே போனில் தலை முட்டிக்கொண்டு ஒரு பத்திரிகையின் இணையதளத்தைத் திறப்பார்கள். அதில் புதிதாக ஒரு மூன்று கட்டக் கார்ட்டூன் வந்துகொண்டிருந்தது. வரைபவர் பெயர் இல்லை. அதில் வருகிற அம்மா இடுப்பில் கரண்டியைச் செருகிக்கொண்டு ஊர் வம்பு பேசுவாள்.

"இது நம்ம அம்மாடி. அப்போ வரையறது அண்ணன்தான்," என்றாள் பூரணி.

படம் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று அம்மா கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு, பதினோரு வருடம் முன்பு வீட்டை விட்டுப் போன சிவநேசன்தான் அந்த அண்ணன்.

தவமணி படத்துக்குக் கீழே வாசகர் கருத்து எழுதும் இடத்தில் எழுதினாள்: 'அம்மா இப்போ கண்ணாடி போட்டிருக்காங்க.' மறுநாள் கார்ட்டூன் அம்மாவின் மூக்கில் கண்ணாடி இருந்தது. இருவரும் கட்டில் அதிரக் குதித்தார்கள். 'முட்டி வலி, ரொம்ப நேரம் நிக்க முடியல' என்று எழுதினார்கள். மறுநாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அதுவரை எதையும் காணாதவள்போல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா மெதுவாகச் சொன்னாள்: "அந்தத் தடிமாடு வேளைக்குச் சாப்பிடுறானான்னு கேட்டு எழுது."

அதை எழுதிய மறுநாள் காலை கார்ட்டூனில் ஆளே இல்லை. முதல் கட்டத்தில் ஒரு ரயில், அடுத்ததில் அவர்கள் தெரு, கடைசியில் அவர்கள் வீட்டுக் கதவு, வெளியே நின்று பார்க்கிற மாதிரி. பூரணி வாசலுக்கு ஓடினாள்.

"தள்ளுடி, நான்தான் திறப்பேன்," என்று அம்மா தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் எல்லாம் நீங்கள் காத்திருந்தவர்களாகவே இருக்கட்டும், கண்ணுகளா.