நாற்பது நிமிட சிக்னல்

மொட்டைமாடியில் நாலு மணி வெயில். தூரத்தில் சாம்பல் நிறக் கப்பல் ஒன்று நகர்வதே தெரியாமல் நகர்கிறது. அதன் இன்ஜின் அறையில் வேலை பார்க்கும் அவள் கணவன், இந்தக் கரையைக் கடக்கும் நாற்பது நிமிடம் மட்டும் சிக்னல் கிடைப்பதால், மேல்தளத்துக்கு வந்து போனில் பேசிக்கொண்டிருக்கிறான். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போடுகிறாள். "அடுத்த நடையிலேருந்து இந்தப் பக்கம் வரமாட்டோம். வடக்க, பனிக்கடல் வழியாப் போகப்போறோம். பனியை உடைச்சு வழி போட்டுத் தர்ற கப்பலுக்குக் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் கூடுதல்தான். ஆனாலும் பன்னண்டு நாள் மிச்சம், எண்ணெயும் மிச்சம்னு கம்பெனில முடிவு பண்ணிட்டாங்க." கிளிப்பை மாட்டப்போன அவள் விரல்கள் நிற்கின்றன. "அப்போ பன்னண்டு நாள் முன்னாடியே வீட்டுக்கு வந்துடுவீங்களா?" போனுக்குள் காற்று இரைகிறது. "இல்லம்மா. அந்த நாள்ல இன்னொரு சரக்கு ஏத்துவாங்க." "அங்க சிக்னல் இருக்குமா?" "அங்க கரையில ஊரே கிடையாது." "சரி," என்கிறாள். அழுகை வரவில்லை; கோபமும் வரவில்லை. சட்டையின் கைச் சுருக்கத்தை நீவிவிடுகிறாள். சாப்பிட்டாயா என்று அவன் கேட்பது பாதியில் அறுந்துபோகிறது. படிகளில் தடதடவென்று காலடிச் சத்தம். பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் மகள் மூச்சிரைக்க வந்து போனைப் பிடுங்கி, காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறாள். "பஸ் லேட்டும்மா. அடுத்த தடவை நான்தான் முதல்ல பேசுவேன்." அவள் தலையை ஆட்டிவிட்டு, வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்துப் பிழிகிறாள்.