நரி தடுத்த சரிவு

பனிமலையில் புல் தேடிப் போன பெண்ணாடு ஒன்று, புதுப்பனி மூடிய சரிவுக்கு வந்தது. அங்கே நின்ற நரி தடுத்தது.

"இதுல இறங்காதே அக்கா. அடியில பழைய பனி வழவழன்னு இறுகிக் கெடக்கு, மேல விழுந்தது அதோட ஒட்டல. கால் வச்சா மொத்தமும் சரிஞ்சிடும். பாறை வழியா சுத்திப் போ."

ஆடு பனியைப் பார்க்கவில்லை, நரியின் முகத்தைத்தான் பார்த்தது. பாறைக்குப் பின்னால் நரி தன் கூட்டத்தை ஒளித்து வைத்திருக்குமோ?

"எனக்கு வழி தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கியது.

கொஞ்ச தூரம் போவதற்குள் காலடியில் 'தொம்' என்று சத்தம் கேட்டது. சரிவின் குறுக்கே விரிசல் ஓடியது. பனி ஆட்டை உருட்டிக்கொண்டு போய்க் கழுத்துவரை புதைத்தது.

நரி ஓடிவந்து, நகம் தேயத் தோண்டி, அதை வெளியே இழுத்துப் போட்டது.

ஆடு மூச்சு வாங்கியபடியே பின்னால் நகர்ந்தது.

"சரியும்னு உனக்கு எப்படி முன்னாடியே தெரிஞ்சுது?" என்று கேட்டது. "நீதானே தள்ளி விட்டே?"